பதினான்காம் திகதி

மாதக் கடைசி. பயணப்படிப் படிவங்கள்
என் மேசைக்கு வந்து குவியும் நாள்.
நான்கு உத்தியோகத்தர், இருநூற்று முப்பது கோப்பு,
ஒரே ஒரு மழைக்கோட்டு. அதுவும் அக்குளில் கிழிந்தது.

கணக்குக் கிளைக்காரர் கேட்கிறார்:
வரைபடத்தில் ஒன்பது கிலோமீற்றர்தானே, மிஸ்,
இதில் பதினான்கு போட்டிருக்கிறதே?
மண் சரிவது வரைபடத்துக்குத் தெரியாது, ஐயா.
பழைய ஸ்டோருக்குப் பின்னால் இறங்கி
ஆற்றைக் கடந்து சுற்றிப் போக வேண்டும்,
அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு.
சவர்க்காரத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா, என்கிறார்.

சிரித்துவிட்டுப் புரட்டுகிறேன்
ஜெனோவாவின் கோப்பை.
முத்து முத்தான எழுத்து.
"14ஆம் திகதி, பி.ப. 2.30. வீட்டுத் தரிசிப்பு.
பிள்ளை நலமாகக் காணப்பட்டது.
உணவு போதுமானது. பெரியம்மாவுடன் சுமுகம்."

பதினான்காம் திகதி
பொகவந்தலாவைக்கு அப்பால் பாதையே இல்லை.
ஆறு பெருகி, சுற்றுவழியும் இல்லை.
இரண்டரை மணிக்கு நான் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன்,
சரிவுக்கு இந்தப் பக்கம்,
பெக்கோ வரும், வரும் என்று
இருட்டும்வரை.

தாபனக் கோவையில் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு.
பயிற்சி வகுப்பில் அதை வாசித்துக் காட்டியது நான்.
முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தது ஜெனோவா.

கூப்பிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னேன்.
நான் கேட்குமுன்பே சொன்னாள்:
"எழுபத்தொரு பிள்ளைங்க, மிஸ்.
ராத்திரி படுத்துக்கிட்டு
பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டுப் பாக்குறேன்.
அறுபதுக்கு மேல மொகம் வர்றதில்ல."

அப்போது நான் என்ன சொன்னேன் என்று
பெருமையாய் எழுத ஒன்றுமில்லை.
தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.
அவள் போன பிறகு என் நாட்குறிப்பைத் தேடினேன்.
ஜெனோவா, மேற்பார்வைச் சந்திப்பு: ஒத்திவைப்பு.
ஒத்திவைப்பு.
மாகாணக் கூட்டம், ஒத்திவைப்பு.
எட்டு மாதம்.
என் எழுத்தும் மோசமில்லை.

மறுநாள் இரண்டு பேருமாய்ப் போனோம்.
ஐந்தாவது காம்பரா. பெரியம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள்.
பிள்ளை
(பெயரை எழுத மாட்டேன், யாராவது எழுதினாலும் வெட்டிவிடுவேன்)
இஸ்தோப்பில் நின்று ஜெனோவாவை மட்டும் பார்த்தாள்.

"பதினாலாந் தேதி வாரேன்னு சொன்னீங்க.
ஸ்கூல் சப்பாத்தக்கூட கழட்டாம இருந்தேன்."

ஜெனோவா ஈரத் தரையில் அப்படியே குந்தினாள்.
பிள்ளையின் முழங்கைக்குக் கீழே
ஆறத் தொடங்கிய காயம், பொரித்த அப்பளம் போல.
யாரும் கேட்குமுன்பே சொன்னாள்:
"தேத்தண்ணி கொட்டிருச்சு."

தடங்கலில்லாத வசனம்.
நலமாகக் காணப்பட்டது என்பது போல.

எந்தத் தேத்தண்ணி, எத்தனை மணிக்கு
என்றெல்லாம் ஜெனோவா கேட்கவில்லை.
என் கை துருதுருத்தது, படிவத்தை நீட்ட.
பொத்தி வைத்துக்கொண்டேன்.
அடுத்த காம்பராவில் ரேடியோ நின்று
மழை பிடித்து
நெடுநேரத்துக்குப் பிறகு பிள்ளை
விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள்:
பதினைந்தாந் தேதி. ராத்திரி.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில்
முழங்கால்மேல் கோப்பை வைத்து எழுதினேன்:
"14ஆம் திகதித் தரிசிப்பு நடைபெறவில்லை.
அதற்கு முந்திய எட்டு மாதமும்
மேற்பார்வை நடைபெறவில்லை."
வளைவில் எழுத்துக் கோணியது. அப்படியே ஒப்பமிட்டேன்.
நாளை இது யார் மேசைக்கெல்லாம் போகும் என்று தெரியும்.

எங்களுக்கு நடுவில் பிள்ளை தூங்கிவிட்டாள்,
சப்பாத்தோடு.
முதல் பிள்ளையிலிருந்து சொல்லு, என்றேன் ஜெனோவாவிடம்.
பேர் வேண்டாம்.
மெதுவாகத் தொடங்கினாள்:
முன்பல் விழுந்தவன்.
சைக்கிள் கேட்டவன்.
தங்கச்சிக்குத் தானே தலை பின்னுகிறவள்.
குவைத்திலிருந்து வந்த பெட்டியை இன்னும் பிரிக்காதவள்.
இடையில் மறந்தால் கண்ணாடியைத் துடைத்து
வெளியே பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

நோர்வூட் தாண்டும்போது
பத்தொன்பதாவதில் இருந்தோம்.